முகம் மட்டும்

ரகுபதி அந்த ஆல்பத்தை மேசைமேல் வைக்கவில்லை, போட்டார். விழுந்த சத்தத்திலேயே விஷயம் சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கமலாவும் நானும் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தால் என் வீட்டுக்காரர் ஜார்ஜ் செய்தித்தாளோடு சாய்ந்துவிடுவார். நான் கத்தியையும் காயையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுவேன். சிங்கப்பூரில் புக்கிட் பாஞ்சாங்கில் இந்த அடுக்குமாடி புளோக்கில் சாவி வாங்கிக் குடிவந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை போட்டிருந்தபோது உட்கார நேரம் இருக்காது. இப்போது நேரம்தான் கிடக்கிறது.

ரகுபதிக்குப் பின்னால் அவர் மகள் ரக்ஷனா நின்றாள். போன மாதம்தான் கேலாங் சிவன் கோயிலில் அவளுக்குக் கல்யாணம். படம் எடுத்தது கமலாவின் புருஷன் சேதுபதி. அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, நிறம் பார்த்து, திருத்தி, ஆல்பத்துக்கு ஆக்கித் தந்தது கமலா. பல வருஷமாக இந்த வீட்டில் தொழில் அப்படித்தான் நடக்கிறது. ரகுபதியும் சேதுபதியும் நேஷனல் சர்வீஸ் பட்டாளத்தில் ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழும் படுத்தவர்கள். அதனால் மகள் கல்யாணத்தை வேறு ஆளிடம் கொடுக்க ரகுபதிக்கு மனசு வரவில்லை.

"சேது, இங்க வா. இதப் பாரு. இது என் மகளா? நல்லா பாத்துச் சொல்லு."

சேதுபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அரக்குக் கூறைப்புடவை, கழுத்தில் கனத்த மாலை, பின்னலில் மல்லிகை, நெற்றிச்சுட்டி, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. முகம்தான் ரக்ஷனாவுடையதாக இல்லை. சாம்பல் புதன்கிழமையில் சாமியார் நெற்றியில்தான் சாம்பல் பூசுவார். இங்கே முகம், கழுத்து, கை எல்லாவற்றிலும் பூசிவிட்டிருந்தது. அந்தப் பெண் நல்ல கறுப்பு. நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள், பாதி நாள் வெயிலில்தான் நிற்கிறாள். அந்தக் கறுப்பில் ஒரு பளபளப்பு உண்டு. ஆல்பத்தில் அது செத்துக் கிடந்தது.

"என் பொண்ணு கறுப்புதான். அது எனக்குத் தெரியாதா?" என்றார் ரகுபதி. "வெயில்ல நின்னு சம்பாரிச்ச நிறம் சேது அது. அதச் சாம்பலாக்கச் சொல்லி நான் கேட்டேனா? மாப்பிள்ள வீட்டுல கேட்டாங்களா? யாரு கேட்டா?"

"அப்பா, மெதுவா லா," என்றாள் ரக்ஷனா. பிறகு கமலாவைப் பார்த்தாள். "ஆன்ட்டி, ஆல்பத்தப் பாத்து மத்தவங்க சிரிச்சதுகூட ஓகே. அவரோட அத்தை ஒருத்தவங்க, பரவால்ல, படத்துலயாச்சும் கலரா இருக்கேன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நான் அவங்களுக்குத் தேங்க்யூ சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டேன்."

அந்த அத்தை எதிரில் இருந்திருந்தால் நாலு கேட்டிருப்பேன். கமலா ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் சேதுபதி முந்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காத ரகு. கமலாவுக்குக் கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு. பாலிகிளினிக்ல சொல்லிட்டாங்க. புரை வந்தா எல்லாம் மஞ்சளாத் தெரியுமாம். மஞ்சள்னு நெனச்சு இவ கொறைச்சிருப்பா, அதான் சாம்பலாப் போச்சு. நான் மறுபடி அடிச்சுத் தர்றேன். இனிமே எடிட்டிங்க வெளியில குடுத்துடலாம்னு இருக்கேன். சென்னையில நல்ல ஆளுங்க இருக்காங்க, அனுப்பினா மறுநாளே வந்துடும்."

கமலாவின் கை ஆல்பத்தின்மேல் அப்படியே நின்றது. சென்னைக்குக் கொடுக்கப்போகிற சேதி அவளுக்கே அப்போதுதான் தெரியும். ரகுபதியோ கோபமெல்லாம் இறங்கி, "அப்படியா தங்கச்சி, கண்ணப் பாத்துக்கம்மா," என்று அவள் தலையில் பரிதாபத்தை வேறு கொட்டிவிட்டுப் போனார். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

கமலாவின் வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது. எங்கள் வீடுகளில் ஷெல்ட்டர் என்று ஒரு சின்ன அறை உண்டு. யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்வதற்காகக் கனத்த சுவரும் இரும்புக் கதவுமாகக் கட்டிக் கொடுத்தது. எல்லார் வீட்டிலும் அதில் அரிசி மூட்டையும் பழைய பெட்டியும்தான் குடியிருக்கின்றன. கமலா அங்கே மேசை போட்டுக்கொண்டாள். ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் ஏறினாலும் மழை இருட்டினாலும் உள்ளே வெளிச்சம் மாறாது, திரையில் பார்க்கிற நிறமும் மாறாது. ஒரு மேசை விசிறியை வைத்துக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். கல்யாணத்துக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோ லேப்பில் பிரிண்ட் பார்த்துத் தள்ளுகிற வேலை செய்தவள், அந்தக் கண் இன்னும் அவளிடம் இருந்தது.

அவளிடம் ஒரு பழக்கம். கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டில் கூறைப்புடவையின் ரவிக்கைத் துணியில் தையல்காரர் வெட்டிப் போட்ட மிச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். உள்ளங்கை அளவு இருந்தால் போதும். திருத்த உட்காரும்போது அந்தத் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் வெள்ளை விளக்குக்குக் கீழே வைத்து, துணியும் படத்தில் இருக்கிற புடவையும் ஒன்றாகத் தெரிகிறவரை விடமாட்டாள். "புடவை சரியா வந்துட்டா மூஞ்சி தானா வந்துடும் அக்கா. ரெண்டும் ஒரே வெளிச்சத்துலதான நின்னுச்சு," என்பாள். எந்தப் பெண்ணின் துண்டு எது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். இவ்வளவும் செய்கிறவளின் பெயர் ஆல்பத்தின் எந்த மூலையிலும் இருக்காது. சேதுபதி ஸ்டூடியோ என்று தங்க எழுத்தில் இருக்கும்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்தக்கூட இல்லை, கமலா ஆரம்பித்துவிட்டாள்.

"என் கண்ணு போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னாரு லா. நானா சொன்னேன்?"

"ஆரம்பம்னுதான் சொன்னாரு. அவசரமில்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னாரு. நீங்க பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க? அந்த ஸ்கிரீன் ஒரு பக்கம் இருட்டிப் போயி எத்தன நாளாச்சு? மாத்துங்க மாத்துங்கன்னு நானும் சொல்றேன். நீங்க லென்ஸ் வாங்குனீங்க, ட்ரோன் வாங்குனீங்க."

"ஸ்கிரீன் எதுவா இருந்தா என்ன? பாக்குற கண்ணு ஒழுங்கா இருக்கணும்ல?"

கமலா கத்தியைத் தட்டில் வைத்தாள். "அப்ப நாளைக்கே போயி ஒரு நல்ல ஸ்கிரீன் வாங்குவோம். அதுல பாப்போம். தப்பு என் கண்ணுலதான்னு தெரிஞ்சா அப்புறம் மௌச நான் தொடமாட்டேன். நீங்க சென்னைக்கு அனுப்புங்க, எங்க வேணாலும் அனுப்புங்க. அக்கா, நீங்களும் வரணும்."

கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

கூடத்துச் சுவரில் அவர்கள் மகள் வர்ஷாவின் கல்யாணப் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. வர்ஷாவும் தாயைப் போலக் கறுப்பு, களையான பிள்ளை. படத்தில் கொஞ்சம் வெளிறித்தான் இருப்பாள். கமலா அதைப் பார்க்கும்போதெல்லாம் லேப்காரன் கெடுத்துவிட்டான் என்று முனகுவாள். அந்த மெஷின் அப்படித்தான் என்பார் சேதுபதி. இதே படத்தில் இன்னொன்று சட்டம் போட்டு வர்ஷாவுக்கென்று வைத்திருந்தார்கள். கல்யாணமாகிக் காத்தோங்கில் குடிபோனவள் முதல் தடவை வந்தபோது கமலா அதை எடுத்துக் காட்டினாள். நானும் அப்போது இருந்தேன். "இது நீங்க பண்ணதாம்மா?" என்று மட்டும் கேட்டாள் வர்ஷா. "பின்ன யாரு? ஒவ்வொரு நகையையும் பாத்துப் பாத்துப் பண்ணேன்," என்றாள் கமலா பெருமையாக. வர்ஷா அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. சுவரில் ஆணி அடிக்க முடியாது, அப்புறம் பார்க்கலாம் என்றாள். வருஷங்கள் போயும் அந்தப் படம் பிளாஸ்டிக் உறையோடு ஷெல்ட்டர் கதவுக்குப் பின்னால்தான் சாய்ந்திருக்கிறது. வாரம் தவறாமல் வருவேன் என்று சொல்லிப் போன பிள்ளை மாதத்துக்கொரு முறை வருகிறவளாக ஆனாள். அதைக் கமலா வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை சமையலில் ஒரு கைப்பிடி அரிசி கூடத்தான் போடுவாள்.

மறுநாள் டவுன்டவுன் லைன் ரயிலில் ஏறி ரோச்சோரில் இறங்கினோம். கமலாவின் மடியில் ஆல்பம், கைப்பையில் தம்ப் டிரைவ், ஒரு காகித உறைக்குள் ரக்ஷனாவின் ரவிக்கைத் துண்டு. சேதுபதி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடையில் சுவர் முழுக்கத் திரைகள். பஞ்சவர்ணக்கிளி, பனிமலை, அறுத்த ஆரஞ்சுப் பழம், பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தியது. நூர்தீன் என்று சட்டையில் பெயர் குத்திய பையன் தமிழிலேயே பேசினான். சேதுபதி நேராக வில்போல வளைந்த ஒரு திரையிடம் போய் நின்றுவிட்டார்.

"இதுதான் நல்லாருக்கு. எவ்வளவு பிரைட்டு பாரு."

"அண்ணே, அது கேம் ஆடுறவங்க வாங்குறது," என்றான் நூர்தீன். "நீங்க போட்டோ எடிட்டிங்னு சொன்னீங்க. அதுக்கு இவ்வளவு பிரைட் ஆகாது. இதுல வெளிச்சமாத் தெரியுறது பிரிண்ட்ல இருட்டா வரும். வளைஞ்ச ஸ்கிரீன்ல நேர்கோடும் நேரா தெரியாது."

"சரி, இந்தப் பக்கம் ஒண்ணுல எங்க ஆளு மூஞ்சி போட்டுக் காட்டுங்க தம்பி," என்றாள் கமலா.

நூர்தீன் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தான். கிளி வந்தது, மலை வந்தது, ஸ்ட்ராபெரி வந்தது. மனித முகம் என்று வந்ததெல்லாம் அந்த வெள்ளைக்காரப் பெண்ணும் தோல் வெளுத்த ஒரு குழந்தையும்தான்.

"கம்பெனி குடுத்த டெமோ அக்கா. இவ்ளோதான் இருக்கு."

"நம்ம ஊர்ல விக்கிறாங்க, நாமதான் வாங்குறோம். நம்ம மூஞ்சி எப்படித் தெரியும்னு பாக்க ஒரு படம் இல்ல," என்றேன் நான். என் குரல் கொஞ்சம் பெரியது. அடுத்த வரிசையில் நின்ற ஒரு சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

கமலா தம்ப் டிரைவை நீட்டினாள். நூர்தீன் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு திரையாக மாட்டிக் காட்டினான். முதல் திரையில் புடவை ரத்தமாகக் கொட்டியது. கமலா உறையிலிருந்து துண்டை எடுத்துத் திரையோரமாகப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அடுத்ததில் அரக்கு ஊதா பக்கம் போய்விட்டது. தலைக்குமேல் கடை விளக்கு வேறு வெள்ளையாக அடித்தது. நூர்தீன் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, திரைக்குமேல் கூரைபோலப் பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தான். கை வலிக்க நின்றேன். ஒரு பெண்மணி அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க, இன்னொருத்தி துணித்துண்டைப் பிடித்துக்கொண்டு குனிய, கடைக்கு வந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"விளையாட்டா இருக்கா உனக்கு?" என்றார் சேதுபதி. "எல்லாரும் பாக்குறாங்க."

"ஆல்பத்த எல்லாரும் பாத்தப்ப உங்களுக்கு ஒண்ணும் இல்லையே," என்றாள் கமலா திரும்பாமலே.

மூலையில் ஒரு திரை, பளபளப்பே இல்லாமல் மங்கலாக நின்றது. நான் அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைத்திருந்தேன். "இது பிரிண்ட் வேல செய்யுறவங்க கேட்டு வாங்குறது அக்கா. ஷோவுக்கு நல்லா இருக்காது. ஒண்ணைக் கூட்டியும் காட்டாது, கொறைச்சும் காட்டாது," என்று சொல்லி நூர்தீன் படத்தைப் போட்டான். ஒரு கருவியைத் திரைமேல் வைத்து நிறத்தை அளந்து சரிசெய்தும் காட்டினான். கமலா துண்டை அதன்மேல் வைத்தாள். துணி எங்கே முடிகிறது, படத்துப் புடவை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் விரல்தான் தெரிந்தது.

அப்போதுதான் நான் ரக்ஷனாவின் முகத்தைப் பார்த்தேன். ஓமப் புகையில் கண் கொஞ்சம் கலங்கி, மேலுதட்டில் வியர்வை பூத்து, கன்னத்தில் மஞ்சள் பூசின மினுமினுப்போடு, நல்ல கறுப்பாக, அவளே உட்கார்ந்திருந்தாள். இது கமலா திருத்தி முடித்த படம். கெட்டுப்போனதாகச் சொன்ன கண் பார்த்துத் திருத்திய படம்.

கமலா ஆல்பத்தை விரித்து அதே படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். புடவை புடவையாகவே இருந்தது, ஆல்பத்திலும் திரையிலும் ஒரே அரக்கு. மல்லிகை ஒன்று, தங்கம் ஒன்று, ஐயர் தோளில் கிடந்த துண்டும் ஒன்று. முகமும் கழுத்தும் கையும் மட்டும் வேறு. அவள் நிமிர்ந்து சேதுபதியைப் பார்த்தாள். அவர் விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி சரி, இதையே கட்டச் சொல்லு," என்றார். "பசிக்குது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்கு நடக்கிறபோதே மழை பிடித்துக்கொண்டது. ஈரத் தரையும் மசாலா வாடையும் தட்டுக் கழுவுகிற சத்தமுமாக இருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவில் ஒரு மேசை பிடித்தோம். பெட்டிக்கும் ஒரு நாற்காலி கொடுத்தோம். மூன்று மட்டன் பிரியாணி வந்தது. நான் மட்டும்தான் கை வைத்தேன். கமலா தே ஹாலியா என்கிற இஞ்சி டீயைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என் கண்ணு மஞ்சளாத் தெரியுதுன்னா, புடவையும்ல கெட்டிருக்கணும்?"

சேதுபதி நாற்காலியில் இருந்த பெட்டியை நகர்த்தி நேராக வைத்தார்.

"ஸ்கிரீன் தப்புன்னா மல்லிப்பூவும்ல சாம்பலாயிருக்கணும்? மெஷின் தப்புன்னா தங்கமும்ல வெளுத்திருக்கணும்? எல்லாம் சரியா இருக்கு. மூஞ்சியும் கையும் மட்டும் போயிருக்கு. கண்ணுக்கும் மெஷினுக்கும் ஆளோட தோலு எது, துணி எதுன்னு எப்படிங்க தெரியும்?"

"கமலா, இங்க வேணாம். வீட்டுக்குப் போயிப் பேசலாம்."

"இங்கயே சொல்லுங்க. அக்காவும் கேக்கட்டும். நான் முடிச்சுக் குடுத்ததுக்கப்புறம் யாரு தொட்டா?"

மழை தகரத்தில் அடித்தது. சேதுபதி கரண்டியை எடுத்து, திரும்ப வைத்தார்.

"என் லேப்டாப்புல ஒரு பட்டன் இருக்கு," என்றார். "படத்துல ஆளோட தோல மட்டும் அதுவே புடிச்சுக்கும். வெளிச்சத்த நாலு புள்ளி தூக்கினேன். லேப்புக்கு அனுப்புறதுக்கு முந்தி."

"ரக்ஷனாவுக்கு மட்டுமா?"

"எல்லாத்துக்கும்தான். கொஞ்சமாத்தான் தூக்குவேன். இது ரொம்ப டார்க்கா இருந்துச்சு, அதான் கூட வச்சேன். கமலா, உனக்கு என்ன தெரியும்? நீ உள்ள உக்காந்துக்கற. வெளியில கஸ்டமர்கிட்ட பேச்சு வாங்குறது நான்தான். என்ன சேது, பொண்ணு மூஞ்சி இருட்டா இருக்கு, லைட்டு போடலயாங்குறான். எங்க வீட்டுப் பொண்ணு இவ்ளோ கறுப்பாங்குறான். பத்துப் பேருல எட்டுப் பேரு கேக்குறான். கேக்குறதுக்கு முந்தி நானே குடுத்துட்டா பிரச்சன இல்ல."

"கேட்டவனுக்குக் குடுத்தீங்க, சரி. கேக்காதவனுக்கும் ஏன் குடுத்தீங்க? ரகுபதி அண்ணன் கேட்டாரா?"

"பழக்கமாயிடுச்சு லா."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்னு தெரியுது. அப்ப அது தப்புன்னும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே நேத்து ரகுபதி அண்ணன் முன்னால என் கண்ணு மேல போட்டீங்க. நான் உங்க பக்கத்துலதான இருந்தேன்? கொஞ்சங்கூட நாக்குக் கூசலையா?"

இதற்குமேல் பிரியாணி எனக்கும் இறங்கவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. கெட்டவராக இருந்தால் ஒதுக்கிவிட்டுப் போகலாம். நல்ல மனுஷன், எங்கள் வீட்டில் மின்விசிறி கெட்டால் கேட்காமலே வந்து மாட்டித் தருகிறவர். ஊர் வாய்க்குப் பயந்து அடுத்தவர் பெண்களின் முகத்தையெல்லாம் சுரண்டியிருக்கிறார். கேட்டால் பழக்கம் என்கிறார்.

கமலா கறுத்த தன் முன்கையைப் பார்த்தாள். "என்னக் கட்டிக்கிட்டப்ப எத்தன புள்ளி தூக்குனீங்க?" என்றாள். அவர் தலை குனிந்தது. அவள் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தே ஹாலியாவைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கும் அதே நேரத்தில்தான் தோன்றியது.

"வர்ஷா படம்?" என்றாள்.

சேதுபதி எழுந்து கைகழுவப் போனார். சாப்பிடாத கையைக் கழுவப் போனார்.

வீட்டுக்கு டாக்சியில் வந்தோம். கமலா சேலையைக்கூட மாற்றவில்லை. நேராக ஷெல்ட்டருக்குள் போய்ப் பழைய திரையைக் கழற்றி வெளியே வைத்தாள். புதியதை மேசையில் நிறுத்த நான் பிடித்துக்கொண்டேன். அந்தப் புழுக்கத்தில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. வர்ஷாவின் ரவிக்கைத் துண்டு அவளிடம் இல்லாமலா இருக்கும்? மேசை இழுப்பறையில் சந்தனத் தாளில் சுற்றி வைத்திருந்தாள். பச்சையும் அரக்கும் கலந்த பட்டு. அவள் தன் கையால் திருத்தி வைத்திருந்த படத்தைத் திரையில் திறந்து, துண்டைப் பக்கத்தில் வைத்தாள்.

வர்ஷா வந்தாள். தாயின் நிறம், தாயின் மூக்கு, தாலி ஏறிய அந்த நிமிஷத்துச் சிரிப்பு. கூடத்தில் இத்தனை வருஷமாக மாட்டியிருந்தது யாரென்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

"நீங்க பண்ணதாம்மான்னு கேட்டா அக்கா," என்றாள் கமலா. "ஆமான்னேன். பெருமையா வேற சொன்னேன். என் நிறம் எம்புள்ளைக்கு வந்தத நானே அழிச்சேன்னு நெனச்சிருக்கா. அதான் கொண்டுபோகல. அதான் வரல." அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கூடத்துக்குப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள். கதவுக்குப் பின்னால் இருந்த உறை போட்ட படத்தையும் எடுத்து அதோடு சேர்த்து வைத்தாள். பிறகு சேதுபதியைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து உக்காருங்க. என் சேர்ல."

அவர் உட்கார்ந்தார். எதிரே மகளின் முகம். பார்க்காமல் இருக்க அந்த அறையில் வேறு எதுவும் இல்லை. கமலா தன் போனில் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"ம்மா?" என்றது வர்ஷாவின் குரல். "ஆபீஸ்ல இருக்கேன். சொல்லுங்க."

"நான் அப்பாம்மா."

"அப்பா? என்ன ஆச்சு? அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லாருக்கா." சேதுபதி திரையையே பார்த்தார். கமலா இரும்புக் கதவில் சாய்ந்து நின்றாள், உதவிக்குப் போகவில்லை. "உன் கல்யாணப் படம் இருக்குல்ல, வர்ஷா. அதுல உன் மூஞ்சிய... அம்மா தொடல. அம்மா நீ இருந்த மாதிரியேதான் வச்சிருந்தா. லேப்புக்கு அனுப்பறப்ப நான்தான் தூக்கிட்டேன். அம்மாவுக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் கூட்டத்துக்கு நேரமாச்சு என்று சொல்வது கேட்டது. கதவு ஒன்று சாத்தும் சத்தம்.

"வர்ஷா? லைன்ல இருக்கியாம்மா?"

"அம்மாகிட்ட குடுங்க," என்றாள்.

கமலா போனை வாங்கிக்கொண்டாள். சேதுபதி எழுந்து வெளியே வந்தார், நானும் வந்தேன். அவள் அந்த இரும்புக் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை, காற்று வராதென்று எப்போதும் திறந்தேதான் கிடக்கும். இப்போது இழுத்துச் சாத்தினாள்.

கூடத்துச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே சேதுபதி எங்கே உட்காருவது என்று தெரியாத ஆள்போல நின்றார். "அக்கா, ஒரு கோப்பி கெடைக்குமா?" என்றார் கடைசியில், என் வீட்டுப் பக்கம் பார்த்து. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.

"கோப்பி அப்புறம் குடிக்கலாம்," என்றேன். மேசைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து நீட்டினேன். "மொதல்ல ரகுபதிக்குப் போடுங்க. கமலா கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."